அகத்தியமலைத் தோற்புண்ணும் அதன் ஒட்டுண்ணியும்

கரமனையாற்றின் கரையில் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நாம், அவ்வாறு பிறக்கும் மலைத்தொடரை அகத்திய முனிவரின் இருப்பிடமென்று போற்றி வருகின்றோம். பேப்பாறை, அருவிக்கரை அணைகளில் தங்கித் திருவனந்தபுரம் நகருக்குக் குடிநீர் வழங்கி, நம் ஊரைத் தழுவி ஓடிக் கடலில் கலக்கும் இந்த ஆற்றின் நீளம் 70 கிலோமீட்டருக்கும் குறைவே. அதன் தலைப்பில் உள்ள காடுகளில் காணிக்காரப் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்களுக்கும் நமக்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவுதான். எனினும், அம்மக்களிடையே காணப்படும் ஒரு தோல்நோயைப் பற்றி நம்மிற் பலர் கேள்வியுற்றதில்லை. அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை அறிஞர் அடையாளங் கண்ட வரலாறு கல்கத்தா, சென்னை, அஸ்ஸாம், இலங்கை ஆகிய இடங்களைச் சுற்றிக்கொண்டு அகத்தியமலைக்கு வந்து சேர்ந்தது. அதனை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

நோயின் பெயர் லீஷ்மேனியாத் தோற்புண். முகம், கை, கால் முதலிய ஆடை மறைக்காத இடங்களில் சிறு பருவாகத் தோன்றி, மெல்லப் பெருத்து, முடிச்சாகவோ தடிப்பாகவோ ஆறாப் புண்ணாகவோ மாறும். பெரும்பாலும் வலி இராது. ஆதலின் நோயுற்றோர் மாதக்கணக்கில் அதனைப் பொருட்படுத்தார். தொழுநோய் என்று மயங்குவதும் உண்டு. உயிரைப் பறிக்கும் நோயன்று. ஆனால் முகத்தில் தழும்பை விட்டுச் செல்லும்.

இவ்வகைப் புண்கள் வடஇந்தியாவில் தில்லிக் கொப்புளம் என்னும் பெயரால் நெடுநாளாக அறியப்பட்டவை. 1885ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கன்னிங்காம் என்னும் ஆய்வாளர் அப்புண்ணின் திசுவில் நுண்ணிய உருவங்களைக் கண்டு எழுதினார். 1898இல் தாஷ்கண்டில் பொரோவ்ஸ்கி என்பார் அவை ஓரணு உயிர்களே எனத் தெளிந்தார். அவர் ருஷ்ய மொழியில் எழுதியது மேனாட்டார் கண்ணிற் படாமல் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1903இல் பாஸ்டன் நகரில் ரைட் என்னும் மருத்துவர், ஆர்மீனியாவிலிருந்து வந்த ஒரு சிறுமியின் புண்ணில் அதே உயிரைக் கண்டு படத்துடன் வெளியிட்டார்.

அதே 1903ஆம் ஆண்டு சென்னைக்கும் பெருமை சேர்த்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் காய்ச்சலுற்று இங்கிலாந்தில் இறந்த ஒரு போர்வீரரின் மண்ணீரலில் தாம் கண்ட உருவங்களைப் பற்றி லீஷ்மன் என்பார் மே மாதத்தில் எழுதினார். சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டோனோவன், மண்ணீரல் வீங்கி இறந்தோரிடம் அவ்வுருவங்களையே கண்டார். ஜூன் மாதத்தில், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து எடுத்த குருதியிலும் கண்டு உறுதி செய்தார். இது காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலின் ஒட்டுண்ணி. ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் இணைத்து அதற்கு லீஷ்மேனியா டோனோவானி எனப் பெயர் சூட்டினார்.

ஒட்டுண்ணியைக் கண்டாயிற்று. அது எவ்வாறு உடலுட் புகுகின்றது என்பதை அறிய மேலும் நாற்பது ஆண்டுகள் கழிந்தன. மணல் ஈயின்மீது ஐயம் விழுந்தபோதிலும், கடியினால் நோயை உண்டாக்கிக் காட்ட இயலவில்லை. குருதி உண்ட ஈக்களுக்குப் பின்னர் உலர்ந்த திராட்சையின் சாற்றைக் கொடுத்தால், ஒட்டுண்ணிகள் பெருகி ஈயின் தொண்டையை அடைத்துக்கொள்கின்றன என்பதை ஸ்மித்தும் அவர்தம் துணைவரும் கண்டனர். இவ்வழியைப் பின்பற்றி, 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் தாமாக முன்வந்த ஐவரை மணல் ஈக்களால் கடிக்கச் செய்து, ஐவருக்கும் நோய் தொற்றியதை மெய்ப்பித்தனர். மூன்று மில்லிமீட்டர் அளவும் இராத இவ்வீ கொசுவைப்போல் நீரில் பெருகுவதன்று. ஈரமும் மக்கிய பொருளும் உள்ள மண்ணில் பெருகும். ஆகவே தேங்கிய நீரை அகற்றுவதால் மட்டும் இதனை ஒழித்தல் இயலாது.

இங்கே ஒரு சிக்கலை நோக்க வேண்டும். தோற்புண்ணின் ஒட்டுண்ணியும் மண்ணீரல் நோயின் ஒட்டுண்ணியும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். இராஜஸ்தானத்துப் பிகானீர்ப் பகுதியில் புண்ணை உண்டாக்குவது லீஷ்மேனியா டிராபிகா என்னும் வேறோர் இனம். எனவே, தோலுக்கு ஓர் இனம், மண்ணீரலுக்கு மற்றோர் இனம் என்று அறிஞர் நெடுங்காலம் வகுத்திருந்தனர். இவ்வகுப்பை அசைத்தது இலங்கை. அங்கேயே தொற்றிய முதல் தோற்புண் 1992இல் பதிவாயிற்று. 2003இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நதீரா கருணாவீரவும் பிரான்சு நாட்டு மொம்பெலியே நகர ஆய்வாளரும் நொதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, அப்புண்ணிற்குக் காரணம் லீஷ்மேனியா டோனோவானியே என அறிவித்தனர். சென்னையில் டோனோவன் கண்ட இனமே இலங்கையில் தோலோடு நின்று புண் விளைவித்தது!

நம் மலையிலும் நிகழ்ந்தது இதுவே. கேரளத்திலேயே தொற்றிய தோற்புண் பற்றிய மருத்துவக் குறிப்பு 1990இல் வெளிவந்தது. 2010இல் பழங்குடியினரிடையே இந்நோயைத் தேடிச் சென்ற ஆய்வு வெளியாயிற்று. 2015இல் வெளிவந்த ஆய்வில், அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் வாழும் காணி மக்களின் புண்களிலிருந்து எடுத்த மாதிரிகளின் மரபணுக்களைச் சோதித்து, ஒட்டுண்ணி லீஷ்மேனியா டோனோவானி என நிறுவினர்.

பெயரைத் தெளிவதால் பயன் யாது எனச் சிலர் வினவலாம். காலா அசாரை நாட்டிலிருந்து நீக்க அரசு பல்லாண்டுகளாக முயன்று வருகின்றது. அந்நோயின் இனமே ஒரு மலைக்காட்டில் தோற்புண்ணாக மறைந்து வாழுமாயின், அங்கும் கண்காணிப்பு வேண்டும். இலங்கையில் இவ்வினத்தால் உள்ளுறுப்பு நோயுற்றவர் சிலரும் அறியப்பட்டுள்ளனர். மேலும், இன்ன நோய் என்று தெளிந்தாலன்றி உரிய மருத்துவம் கிட்டாது. தொழுநோய் என்ற தவறான பழியும் நீங்காது. காட்டுக் குடியிருப்பில் உள்ள ஒருவர் வலியற்ற புண்ணுக்காக ஒருநாள் கூலியை இழந்து நகர மருத்துவமனைக்கு வருவது எளிதன்று; ஆதலின் மருத்துவமே அவரை நாடிச் செல்லுதல் முறை.

பொதியத்தின் புகழை நாம் மேடைதோறும் பேசுகின்றோம். அம்மலையின் நீரை நாள்தோறும் பருகுகின்றோம். மலையில் வாழும் மக்களின் உடல்நலனும் நம் அக்கறைக்கு உரியதேயாம். நம் சங்கத்து அன்பர்களுள் மருத்துவரும் ஆசிரியரும் அரசு ஊழியரும் பலர் உளர். அவர்கள் இந்நோயின் பெயரையும் தன்மையையும் அறிந்து பிறர்க்கும் அறிவிப்பாராயின், ஆற்றின் தலைப்பில் வாழ்வோர்க்கு ஆற்றின் கரையில் வாழ்வோர் செய்யும் நன்றிக்கடன் ஒரு சிறிதேனும் தீரும் என நம்புகின்றோம்.