உறுதிமொழியும் உரையாடலும்: புதுக்கோட்டைப் பள்ளிகளில் போதை விழிப்புணர்வுக் கல்வி

2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாடு முழுவதும் மாணவர்கள் போதைப்பொருளுக்கு எதிராக உறுதிமொழி எடுத்தனர். அந்த வரிசையில் நிற்கும் ஒரு மாணவன் கீழுதட்டுக்கு உள்ளே கூல் லிப் என்னும் புகையிலைப் பொட்டலத்தை அடக்கிக்கொண்டே முழு உறுதிமொழியையும் சொல்லிவிட முடியும். நகத்தளவுப் பொட்டலம், புகையில்லை, பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. குடும்பத்தாரையும் போதைப் பழக்கத்திலிருந்து தடுப்பேன் என்ற வரி வரும்போது, தினமும் குடித்துவிட்டு வரும் தகப்பனின் மகள் என்ன செய்வாள்? வாயசைப்பாள். அறிவிப்பதையே கற்பித்தல் என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காட்டினர் முகரும் போதைப்பொருள்களைப் பயன்படுத்துவதாகக் கூறுகிறது. பெரியவர்களில் இது 0.58 மட்டுமே. பெரியவர்களைவிடச் சிறாரிடம் மிகுந்து காணப்பட்ட வகை இது ஒன்றுதான். நம் சுவரொட்டிகளிலோ பாட்டிலும் ஊசியும் மண்டையோடும். முகரப்படும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்னும் சட்டங்கள் விற்பவரைக் கட்டுப்படுத்துபவை. கற்பிக்கும் வேலை ஆசிரியருடையது. அமெரிக்காவில் 1983இல் போதைத் தடுப்புப் பாடம் எடுக்கக் காவலர்களை வகுப்புக்கு அனுப்பித் தொடங்கிய 'டேர்' திட்டத்தின் முதல் வடிவம் நீடித்த பயன் தரவில்லை என்றே பல மதிப்பீடுகள் காட்டின.

மாற்றுவழியைத் தேடி வெளியே போகவேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் வேரூன்றியது. கல் உடைக்கும் பெண்களின் அன்றாட வாழ்க்கையிலிருந்தே பேச்சும் பாடமும் பிறந்தன. எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அதே காலத்தில், 1992இல், ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் எழுத்தறிவு இயக்கப் பாடநூலில் ஒரு கதையைப் படித்த பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக்கடையை மூடவைத்தார்கள். குடிக்காதே என்று அவர்களுக்கு யாரும் உபதேசித்ததாக நான் அறியேன். கதையைப் படித்தார்கள், தங்களுக்குள் பேசினார்கள், முடிவெடுத்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் இந்த உரையாடல் முறை எப்படி இருக்கும்? மதுவுக்கும் புகையிலைக்கும் "கட்டிங்", "ஹான்ஸ்" என்று பிள்ளைகள் சொல்லும் சொற்களையே கரும்பலகையில் எழுதலாம். முதல் மிடறு முகமறியாத வியாபாரியிடமிருந்து வரும் என்று பாடம் சொல்கிறது. பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: திருவிழா இரவிலோ, ஜல்லிக்கட்டு முடிந்த மாலையிலோ, "ஒரு தடவைதாண்டா" என்று நண்பனின் அண்ணன்தான் நீட்டுகிறார். அந்த அண்ணனிடம் உறவு முறியாமல் மறுப்பது எப்படி என்பதை இருவர் இருவராக நடித்துப் பழகவேண்டும். இதற்கு ஒரு பீரியடு போதாது; வாரந்தோறும் வேண்டும்.

வகுப்பு முடிந்தபின், உறுதிமொழியில் வாயசைத்த அந்த மகள் ஆசிரியையிடம் தனியாக வரக்கூடும். "எங்கப்பா…" என்று தொடங்கி நிறுத்துவாள். அப்போது அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொள்ளவும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்போது அழைப்பது என்று சொல்லித்தரவும் ஆசிரியருக்குப் பயிற்சி தேவை. சுவரொட்டிக்குச் செலவாகும் பணத்தை முதலில் இதற்கு ஒதுக்குங்கள்.