கோணேசர் ஆலயச் செப்புத் திருமேனிகள்

திருக்கோணமலைத் துறைமுகப் பட்டினத்தில், கடலினின்றும் செங்குத்தாக எழும் சுவாமி மலைமேல் விளங்கும் கோணேசர் ஆலயத்துக்கு உரியனவும், 1950இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டனவுமான விக்கிரகங்கள். ஈழத்துச் சைவக் கலையில் மனித முகம் பெற்ற ஸ்தானத்தை ஆராய்வார்க்கு இவை சிறந்த சான்றுகளாம்.

இத்தலத்து மூலவர் இலிங்க வடிவினர், அவ்வடிவுக்கு முகமில்லை. தன்னை நோக்கும் ஒரு முகத்தைத் தெய்வத்தினிடத்தும் காண விழையும் அடியார்க்கு, வீதியுலா வரும் உற்சவ மூர்த்தியே கண்ணும் இதழும் உடையவராய் எதிர்ப்படுகிறார். சிற்ப சாஸ்திரமும் முகத்தின் நீளத்தையே தாலம் எனும் அளவாகக் கொண்டு உடல் முழுவதையும் வகுக்கிறது. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தே உலோகத்தை வார்க்கும் சிற்பி, கண்திறக்கும் கிரியையைக் கடைசியாகவே வைத்துக்கொள்கிறான்.

இத்தலத்தின் தொன்மைக்குச் சான்றாக, ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் இதன்மீது பதிகம் பாடினார்.

சோழர் காலத்தில் தெய்வ உருவங்களோடு மாந்தர் உருவங்களும் வார்க்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனுக்கும் அவன் தேவி உலோகமாதேவிக்கும் பிரதிமங்கள் செய்து வைக்கப்பட்டமையைக் கல்வெட்டுக் கூறும். பொலன்னறுவையில் கிடைத்துக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார் திருவுருவம், மணக்கோலத்தில் இறைவனால் தடுத்தாட்கொள்ளப்பட்ட இளைஞனின் வியப்பை முகத்தில் ஏந்தி நிற்பது. ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட நூல் இலங்கையின் இத்தகைய படிமங்களை உலகறியச் செய்தது.

போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தைன் த சா கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினான். இடித்த ஆண்டு 1622 என்பாரும் 1624 என்பாரும் உளர். அப்பொழுது விக்கிரகங்கள் சில புதைக்கப்பட்டன என்றும், சில தம்பலகாமத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்றும் ஐதிகம்.

1950ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஆலயம் இருந்த இடத்துக்கு ஏறக்குறைய 500 யார் தூரத்தில், நகரசபையார் கிணறு தோண்டுவித்தபொழுது, சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி ஆகிய திருமேனிகள் வெளிப்பட்டன. பின்னர் விநாயகரும் கிடைத்தார். தண்ணீருக்காக மண்ணை வெட்டியவர்கள் முன்னோர் கண்ட முகங்களையே கண்டனர் என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை நெகிழ்விப்பதாகும். இடையறாத பூசையிலிருக்கும் செப்புப் படிமங்களில், நாள்தோறும் செய்யும் அபிஷேகத்தாலும் துலக்குதலாலும், முதலில் மூக்கும், பின் இதழும், பின் விழிக்கோடுமாக முகலட்சணம் மெல்ல மெல்ல மங்கிப்போவதுண்டு. மூன்று நூற்றாண்டு மண்ணுள் மறைந்திருந்த இவற்றுக்கோ அக்காலமெல்லாம் அத்தேய்வு நேரவில்லை. மறைத்து வைத்த கைகளே காத்தும் வைத்தன எனலாம். பிரதேசமெங்கும் இவை ஊர்வலமாக எடுத்துச்செல்லப்பட்டன. தனிநாயகம் அடிகளாரின் 'தமிழ்க் கல்ச்சர்' சஞ்சிகையில் 1953இல் பாலேந்திரா இவற்றைக் குறித்து எழுதினார். இவை சோழர் காலத்தன என்பது பெரும்பான்மையோர் கருத்து. அதற்கு முற்பட்டன என்பாரும் உளர்.

மண்ணிலிருந்து மீண்ட திருமேனிகள் 1963 மார்ச் 3ஆம் நாள், புதுப்பிக்கப்பட்ட ஆலயத்தில் மீண்டும் எழுந்தருளுவிக்கப்பட்டன.