மேல் கொத்மலை எதிர்ப்பு இயக்கம்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலை நகருக்கு அருகே கொத்மலை ஓயாவை மறித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக 1990களின் நடுப்பகுதியில் எழுந்து பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த மக்கள் இயக்கம் இது. தோட்டத் தொழிலாளர்களும் மலையகக் கட்சிகளும் கொழும்பின் சுற்றாடல் அமைப்புகளும் இதில் ஒரே பக்கம் நின்றனர். அணையை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் முதலில் வரையப்பட்ட திட்டம் அப்படியே நிறைவேறவும் அவர்கள் விடவில்லை.

கொத்மலை ஓயா மகாவலி கங்கையின் தலையாய கிளைகளில் ஒன்று. 335 கிலோமீட்டர் ஓடும் மகாவலி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. தலவாக்கலையில் பெய்யும் மழைக்கும் அந்தக் குடாவையொட்டிய மூதூர்ப் பக்கத்து வயலுக்கும் உள்ள உறவு இது. மேலே காடு அழிந்தால் கீழே கழிமுகம் வரை அது தெரியும். இந்த அபாயத்தை முதலில் உணர்த்தியது கோப்பிக் காலம். கோப்பித் தோட்டங்களுக்காக மலைகள் மொட்டையடிக்கப்படுவது குறித்துத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் எச்சரிக்க, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைக் காக்கும் கொள்கை பிறந்தது. காட்டைப் பற்றி அரசும் அறிஞரும் பேசினர். அந்தக் காட்டிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீரில் சமைத்துக் குளித்து வாழ்ந்த, தோட்ட வரிசை வீடுகளான லயங்களின் மக்களுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

அந்த மௌனம் நெடுங்காலம் நீடித்தது. பின்னாளில் அதை நீட்டித்தது சட்டம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோனது. இந்தக் காலத்திலேயே மலையகத்தில் லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அதன் கோயில் இன்றும் வெளியே தெரிகிறது. நாட்டுக்கே விளக்கேற்றிய அணைகள் அவை. அவற்றைச் சுற்றி வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் ஒரு வாக்குக்கூட இல்லை. மலையகத்தின் நீர் வரலாற்றை எழுதுபவர்கள் பொறியியலை மட்டும் எழுதி இதை விட்டுவிடுவது பெரும் அநீதி.

பிறகு இரண்டு கதவுகள் அடுத்தடுத்துத் திறந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோரில் பலருக்குக் குடியுரிமை வழங்கியது. அதே ஆண்டு தேசிய சுற்றாடல் சட்டம் திருத்தப்பட்டு, 1993இல் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, 30 நாட்கள் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. மேல் கொத்மலை இந்த விதிக்குள் வந்து சிக்கியது.

மகாவலிப் பெருந்திட்ட ஆய்வுகளில் 1960களிலேயே அடையாளம் காணப்பட்ட திட்டம் இது. ஜப்பானிய உதவியுடன் 1980களில் விரிவாக ஆராயப்பட்டது. மதிப்பீட்டைப் பரிசீலித்த மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்தது. நீர்வீழ்ச்சிகள் வற்றும், மாற்று வழிகள் போதிய அளவு ஆராயப்படவில்லை என்பன முக்கியமான ஆட்சேபங்கள். இலங்கை மின்சார சபை மேன்முறையீடு செய்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. 1998இல் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. கொழும்பில் நீர்வீழ்ச்சிகளின் அழகைக் காக்கவே பலர் குரல் கொடுத்தனர். தலவாக்கலையில் கேள்வி வேறு: வீடு எங்கே, வேலை எங்கே, நீர் கொண்டுசெல்லச் சுரங்கம் குடைந்தால் மலை சரியுமா? இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் ஆறுமுகன் தொண்டமானும் மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரனும் இந்த அச்சத்தை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தனர். மற்ற விடயங்களில் போட்டியாளர்களான இருவரும் இதில் ஒரே குரலில் பேசியது சிறிய விடயமல்ல.

ஜப்பானுடனான கடன் ஒப்பந்தம் 2002இல் கைச்சாத்தானது. கட்டுமானம் அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே தொடங்கியது. 35.5 மீட்டர் உயர அணை, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளச் சுரங்கம், நிலத்தடியில் 150 மெகாவாட் மின்நிலையம் என்பது இறுதி வடிவம். மற்றக் கிளையாறுகளையும் திருப்பிச் சேர்க்கும் யோசனை கைவிடப்பட்டதால் டெவோன், றம்பொடை போன்ற அருவிகள் தப்பின. ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்பெயர்ந்து புது வீடுகளில் குடியேறின. 2012இல் திட்டம் திறக்கப்பட்டது.

விலை கொடுத்தது சென் கிளயர் நீர்வீழ்ச்சி. அதற்காக நாள்தோறும் பகலில் 10 மணி 45 நிமிட நேரம், மொத்தம் 47,250 கன மீட்டர் நீர் திறந்துவிட வேண்டும் என்பது அதிகாரசபையின் நிபந்தனை. சுற்றுலாப் பயணி பார்க்கும் வேளையில் அருவி ஓடும். இரவில் ஆறு சுரங்கத்துக்குள் போய்விடும். மீனும் கரையோரச் செடியும் இரவிலும் உயிர்வாழ்கின்றன என்பதை இந்த ஏற்பாடு கணக்கில் எடுக்கவில்லை. ஆயினும், ஓர் ஆற்றுக்கு இவ்வளவு நீர் விட்டே ஆக வேண்டும் என்று மின்சார சபையைக் கட்டுப்படுத்தியது மலையகத்துக்குப் பெரிய அடைவு.

சுரங்கம் பற்றிய அச்சம் வீணானதல்ல என்பதைப் பக்கத்து ஊவா மாகாணம் காட்டியது. மகாவலியின் இன்னொரு கிளையான உமா ஓயாவைத் திருப்பும் திட்டத்தின் சுரங்கத்தில் நீர்க்கசிவு ஏற்பட்டு, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின; வீடுகளில் வெடிப்புகள் விழுந்தன. 2017 ஜூன் மாதம் கடைகளை அடைத்து மக்கள் தெருவில் இறங்கினர். உமா ஓயாத் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது.