மனநோயின் ஆரம்ப அறிகுறிகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

உடலுக்கு நோய் வருவது போல மனதுக்கும் நோய் வரும். ஆனால் நம் ஊர்களில் மனநோயின் முதல் அறிகுறிகளுக்கு வைத்த பெயர்கள் பேய், காத்து கருப்பு, செய்வினை என்பவையே. பெயர் மாறியதால் போக வேண்டிய இடமும் மாறிப்போனது.

சென்னையில் 1794ஆம் ஆண்டிலேயே மனநலக் காப்பகம் தொடங்கப்பட்டது. அது 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு வந்தது. எனினும் அக்காலத்தில் அங்கே சிகிச்சையை விட அடைத்து வைப்பதே முக்கியமாக இருந்தது.

ஜெர்மனி மருத்துவர் எமில் கிரேப்லின் 1899இல் மனச்சிதைவு நோயைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். பெரும்பாலும் இளவயதில் தொடங்கும் இந்நோய் மேலும் மேலும் முற்றும் என்று அவர் கருதினார். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை என்றார் சுவிட்சர்லாந்தின் யூஜென் புளூலர். 1952இல் குளோர்புரோமசின் மருந்து பயன்பாட்டுக்கு வந்த பின் நம்பிக்கை கூடியது. சிகிச்சை உண்டு என்றால் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கும் பொருள் உண்டல்லவா?

கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பொறுப்பை 1961இல் ஏற்ற டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார்.

இவ்வளவு வளர்ந்த பிறகும் 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் முற்றிலும் தடை செய்தது.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

* பல நாட்கள் தூக்கம் கெடுதல்
* நண்பர்களை விட்டு ஒதுங்குதல்
* படிப்பிலும் வேலையிலும் திடீர்ச் சரிவு
* குளிப்பது, உடுத்துவதில் அக்கறையின்மை
* காரணமற்ற சந்தேகம், பயம்
* யாரும் பேசாதபோது குரல் கேட்பதாகக் கூறுதல்
* வாழ்க்கையே வேண்டாம் என்ற பேச்சு

இவற்றில் ஒன்று இருந்தாலே மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது. பல அறிகுறிகள் சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கடைசி அறிகுறி தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது தவறல்ல. அதற்காக மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் தவறு. ஏர்வாடியில் இறந்தவர்களுக்கும் இந்த அறிகுறிகள் ஒரு நாள் முதன்முதலாக வந்திருக்கும். அன்றே அவை நோய் என்று புரிந்திருந்தால், சிலரேனும் அந்தக் கொட்டகைக்கு வராமல் இருந்திருப்பார்கள்.