நாடகத்துக்குப் போட்ட பூட்டு

ஒரு நாடகத்தைப் பார்த்து அரசாங்கம் பயப்படுமா? விக்டோரியா மகாராணி காலத்தில் பயந்திருக்கிறது!

வங்காளத்தில் விவசாயிகளை அவுரி பயிரிடச் சொல்லி வெள்ளைக்கார முதலாளிகள் வதைத்தார்கள். அந்தக் கொடுமையைத் தீனபந்து மித்ரா 1860-ல் 'நீல் தர்ப்பண்' என்ற நாடகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861-ல் ஒரு மாதச் சிறை, 1000 ரூபாய் அபராதம். அபராதப் பணத்தைக் கட்டியவர் காளிபிரசன்ன சிங்கா. 1872-ல் கல்கத்தா நேஷனல் தியேட்டர் டிக்கெட் விற்று நடத்திய முதல் நாடகமும் இதுதான்.

பிறகு, வேல்ஸ் இளவரசரை வீட்டுக்கு அழைத்து உபசரித்த ஒரு வக்கீலைக் கேலி செய்து கல்கத்தாவில் நாடகம் போட்டார்கள். அரசு பொறுக்கவில்லை. 1876-ல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

வெள்ளைக்காரன் போனான், பூட்டு போகவில்லை. 1954-ல் சென்னை அரசு தனக்கென்று ஒரு நாடகச் சட்டம் போட்டது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள்தான் குறி என்று பேச்சு. வசனத்தை முதலில் போலீசிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும், பிறகுதான் மேடை.

அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் கே.கே. நகரில் வசித்த, 'பரீக்‌ஷா' நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி. 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. 1876-ஆம் வருடச் சட்டமும் 2018 ஜனவரியில் நீக்கப்பட்டது.

அதே மாதம்தான் ஞாநியும் காலமானார்.