வாத்தியாரை வீட்டுக்காவலில் வைத்த மாணவர்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், கறுப்பர்களை அடிமையாக்கியதற்குக் காரணம் நிறமா, பணமா?" அன்று அரைகுறையாகச் சொன்னேன். இன்று முழுதாகச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியவர் சி.எல்.ஆர். ஜேம்ஸ். 1901இல் டிரினிடாட் தீவில் பிறந்த கறுப்பினத்தவர், மார்க்சியர், கிரிக்கெட் பிரியர். கொஞ்ச காலம் என்னைப் போல வாத்தியார். அவருடைய தேர்ந்தெடுத்த எழுத்துகள் 1977 முதல் 1984 வரை மூன்று தொகுதிகளாக வந்தன. ஆனாலும் முதலில் படிக்க வேண்டியது 1938இல் வந்த 'கறுப்பு ஜேக்கபின்கள்'.

அது ஹைட்டியின் கதை. 1791இல் பிரெஞ்சுக் காலனி ஒன்றின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1804இல் தனி நாடே கண்டார்கள். அங்கே வெள்ளையரிலும் ஏழைகள் உண்டு. கலப்பினத்தவரிலும் அடிமைகளை வைத்திருந்த பணக்காரர்கள் உண்டு. சொத்து ஒரு பக்கம் இழுத்தது, தோல் இன்னொரு பக்கம் இழுத்தது. அடிப்படை வர்க்கம்தான் என்றார் ஜேம்ஸ். ஆனால் இனத்தைத் தற்செயல் என்று ஒதுக்குவதும் ஏறக்குறைய அதே அளவு பெரிய தவறு என்று எச்சரித்தார்.

அவரிடம் பள்ளியில் படித்தவர் எரிக் வில்லியம்ஸ். 1944இல் 'முதலாளித்துவமும் அடிமைமுறையும்' என்ற நூலில் அவர் எழுதியதுதான் நம் மாணவரின் கேள்விக்குப் பதில்: மலிவான உழைப்புக்காகவே அடிமைமுறை வந்தது, நிறவெறி அதன் விளைவு.

1962இல் டிரினிடாட் விடுதலை பெற்றபோது வில்லியம்ஸ்தான் பிரதமர். அதற்குள் குருவும் சீடரும் பிரிந்துவிட்டார்கள். 1965இல் கிரிக்கெட் செய்தியாளராக ஊர் வந்த ஜேம்ஸை, கரும்புத் தொழிலாளர் போராட்ட நேரத்தில், வில்லியம்ஸ் அரசு வீட்டுக்காவலில் வைத்தது!

பிறகு ஜேம்ஸ் ஒரு கட்சி கண்டார். கரும்புத் தோட்டங்களில் பெரும்பாலும் இந்திய வம்சாவளியினர், எண்ணெய் வயல்களில் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர். இருவரும் உழைப்பாளிகள்தானே, ஒன்றுசேருங்கள் என்றார். 1966 தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மக்கள் பெரும்பாலும் இனம் பார்த்தே வாக்களித்தார்கள். 1938இல் எழுதிய எச்சரிக்கை அவர் சொந்த மண்ணிலேயே பலித்தது.

பணத்துக்காக நட்ட மரம்தான் நிறவெறி. ஆனால் நட்டவர்கள் போன பிறகும் அது தானாக வேர் விட்டு நிற்கிறது. இதுதான் எனக்குப் புரிந்தது.

மாறுபட்டால் எழுதுங்கள். வாத்தியாரோடு வாதாடலாம், தப்பில்லை. வீட்டுக்காவலில் மட்டும் வைத்துவிடாதீர்கள்!