திருத்தணி எல்லைக் கோரிக்கை

மொழிவாரி மாநிலப் பிரிவினையில் ஆந்திரத்துடன் சேர்ந்துவிட்ட திருத்தணி வட்டத்தைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரி, ஆட்சிக்கு வெளியே இருந்த ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் தொண்டர்களும் நடத்திய இயக்கம். வடக்கெல்லைப் போராட்டத்தின் ஒரு பகுதி. 1960-இல் முடிவுக்கு வந்தது.

முன்வரலாறு: கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்திருந்த திருத்தணி, 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் அடங்கியது. தமிழ் வழங்கும் ஊர்களும் தெலுங்கு வழங்கும் ஊர்களும் ஒரே ஆட்சியரின் கீழ் வந்தன.

இயக்கம்: குருவராயப்பேட்டைப் பள்ளி ஆசிரியர் மங்கலங்கிழார் சுற்றுவட்டார ஊர்களுக்குச் சென்று தமிழ் கற்பித்துவந்தார். இயக்கத்தின் வேர் அந்த வகுப்புகளில்தான் இருந்தது எனலாம். 1946-இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கிய ம.பொ.சிவஞானம், விடுதலைக்கு மறுநாளே, 16.8.1947 அன்று, தொண்டர்களுடன் திருப்பதிக்குச் சென்று வேங்கடம் வரை தமிழகம் என்ற கோரிக்கையை எழுப்பினார். திருத்தணியில் வழக்கறிஞர் கே. விநாயகம் அதை முன்னெடுத்தார்.

தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து 15.12.1952-இல் சென்னையில் உயிர்நீத்தார். நான்கே நாளில் ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். பல ஆண்டுகளாகக் குழுக்களிலும் அறிக்கைகளிலும் நின்றிருந்த கோரிக்கையை ஓர் உயிரின் இழப்பு நகர்த்தியது. 1.10.1953-இல் புதிய மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. மாவட்டத்தையே அலகாகக் கொண்டதால், தமிழர் மிகுந்த ஊர்களும் சேர்ந்தே போயின. இதைத் தடுக்கவே அவ்வாண்டு ஜூலையில் ம.பொ.சி. திருத்தணியில் தடையை மீறிக் கைதானார். போராட்டத்தில் சிறைசென்ற கோவிந்தசாமி, மாணிக்கம் ஆகிய இருவர் உயிரிழந்தனர். புதிய மாநிலம் பிறப்பதற்கு முந்திய ஆகஸ்டில் மங்கலங்கிழார் மறைந்தார். ஊர் ஊராக நடந்த அந்த ஆசிரியர் முடிவைக் காணாமலே போனது வருத்தத்திற்குரியது.

தீர்வு: இரு மாநிலங்களும் எச். வி. படாஸ்கரை நடுவராக ஏற்றன. மாவட்டத்தையோ வட்டத்தையோ அல்ல, கிராமத்தை அலகாகக் கொள்வது, பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்ப்பது என்பவை அவருடைய அளவுகோல்கள். அவற்றின்படி 1959-இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1.4.1960 முதல் திருத்தணி வட்டமும் புத்தூர், சித்தூர் வட்டங்களின் சில பகுதிகளும், ஏறத்தாழ 400 சதுர மைல், சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஈடாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சுமார் 325 சதுர மைல் ஆந்திரத்துக்குச் சென்றது. திருப்பதி வரவில்லை.

இதில் போராட்டத்தின் பங்கு எவ்வளவு, காமராஜர் தலைமையிலான சென்னை மாநில அரசின் பேச்சுவார்த்தைக்குப் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தெருவில் எழுந்த குரல் இல்லையேல் பேச்சுவார்த்தைக்குப் பொருளே இருந்திராது என்பது தமிழரசுக் கழகத்தார் வாதம். கிராமத்தை அலகாகக் கொள்ளும் படாஸ்கர் முறையை, கர்நாடகத்துடனான பெல்காம் எல்லை வழக்கில் மகாராஷ்டிரமும் எடுத்துக்காட்டிவந்துள்ளது.

பிற்காலம்: திருத்தணி முதலில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. ஊரின் முக்கியச் சாலை ஒன்று ம.பொ.சி. பெயரைத் தாங்குகிறது. எல்லை மாறியும் மொழிச் சிக்கல் முற்றும் தீரவில்லை: தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், இங்கு தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் தம் மொழியில் தேர்வெழுத அனுமதி கேட்டு மனுக் கொடுத்தும் நீதிமன்றம் சென்றும் வருகின்றனர்.